பொருள் வெளிப்படை

எங்கள் கல்லூரியில் மற்றத் துறையினருக்குத் தமிழ்த்துறை இரண்டு காரியங்களுக்குத் தேவைப்படும். விழாவுக்கு வரவேற்புரை எழுத, கலைச்சொல் கேட்க. சென்ற ஆண்டு இயற்பியல் துறையின் இளம் பேராசிரியை ஒருவர் இரண்டாவது காரியத்துக்காக வந்தார். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவிகளுக்காகக் குறிப்புகள் தயாரிக்கிறாராம். கையிலிருந்த சீட்டில் ஒரே ஒரு சொல் இருந்தது. ஸ்டோகாஸ்டிக்.

“இதுக்குத் தமிழ்ல என்ன மேம்?”

“அப்படின்னா என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க.”

“ராண்டம்னு வச்சுக்கலாம். ஆனா வெறும் ராண்டம் இல்ல. நேரம் போகப் போக ஒண்ணு மேல ஒண்ணா ராண்டமா நடந்துட்டே போறது...”

மணி அடித்துவிட்டது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார். சீட்டு என் மேசையில் கிடந்தது.

அகராதி புரட்டுவது என் தொழில். அன்று மாலையே புரட்டினேன். ‘நிகழ்தகவு சார்ந்த’ என்றது ஒன்று. ‘வாய்ப்பியல்’ என்றது இன்னொன்று. நம் பள்ளிப் பாடநூல்களோ ராண்டம் என்பதற்குச் ‘சமவாய்ப்பு’ என்று எழுதுகின்றன. வேர்ச்சொல்லைத் தேடிப் போனால் கிரேக்கம் வந்தது. அங்கே அதன் மூலச்சொல்லுக்கு இலக்கு என்றும் ஊகம் என்றும் இரண்டு பொருள். அம்பு எய்கிறவன் பார்ப்பதும் அதுதான், நடக்கப்போவதை ஊகிக்கிறவன் சொல்வதும் அதுதான். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்மிடம் அப்படியே ஒரு சொல் இருக்கிறதே! குறி. குறி பார்த்து எறிகிறோம். குறி கேட்கப் போகிறோம். முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்த்துச் சொல்லும் கட்டுவிச்சியும், ஔவையாரின் குறுந்தொகைப் பாட்டில் வரும் அகவன் மகளும், குறவஞ்சியில் கைபார்க்கும் குறத்தியும் பெண்கள். எண்ணி ஊகிக்கும் தொழில் ஒரு காலத்தில் பெண் கையில் இருந்திருக்கிறது.

இதை எழுதி அனுப்பினால் இயற்பியல் துறையில் சிரிப்பார்கள் என்று தெரியும். அவர்கள் சிரிப்பது சரியா தவறா என்று சொல்லக்கூட அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சங்கதி எனக்குத் தெரிய வேண்டுமே. பெயர் வைப்பதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தையாவது பார்க்க வேண்டாமா? அப்படித்தான் நாற்பத்தேழாவது வயதில் இந்தப் படிப்பில் இறங்கினேன்.

இறங்கிய பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். “கவிதைக்கா?” துறைத்தலைவர் கேட்டார், என் கவிதைகளைப் படிக்கிற தோழி கேட்டாள், என் மகளும் கேட்டாள். பதவி உயர்வுக்கா என்று கேட்டவர் ஒருவர் உண்டு, அவரைத் தள்ளிவிடலாம். கவிதைக்கா என்று கேட்டவர்கள் எல்லோரும் அன்பானவர்கள். அந்த அன்புதான் எனக்கு உறுத்தியது. இலக்கியம் படித்த பெண்ணுக்கு அறிவியலில் ஓர் அனுமதி உண்டு. கருந்துளையை அவள் தனிமைக்கு உவமையாக்கலாம், குவாண்டத்தைக் காதலுக்கு உவமையாக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், கைதட்டவும் செய்வார்கள். அந்தக் கருந்துளையின் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன் என்றால் மட்டும் முகம் மாறும். உனக்கெதற்கு அது? உவமைக்குத் தேவையான அளவு தெரிந்தால் போதாதா?

எனக்கு உவமை வேண்டியிருக்கவில்லை. உவமை என்னிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. எனக்குக் கணக்கு வேண்டியிருந்தது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. பெரிய கதை இல்லை, உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் நடந்ததுதான். 1994-இல் பன்னிரண்டாம் வகுப்பில் நான் முதல் குரூப். கணிதத்தில் 200-க்கு 187, இயற்பியலில் 181. இயற்பியல் இருந்த கல்லூரி இருபாலர் கல்லூரி, இரண்டு பஸ் மாற வேண்டும். பெண்கள் கல்லூரியில் தமிழுக்கு இடம் இருந்தது, பஸ் வாசலிலேயே நிற்கும். என் பாடத்தை முடிவு செய்தது அந்த வழித்தடம்தான். மூன்று வருடம் கழித்துத் தம்பி அதே இரண்டு பஸ் ஏறிப் போய் அதே இயற்பியலைப் படித்தான். அப்பா கெட்டவர் இல்லை. தமிழும் எனக்கு விழுந்த தண்டனை இல்லை, அது என்னை ஆளாக்கியது, சோறு போடுகிறது. ஆனால் கிடைத்தது நல்லதாக இருந்தது என்பதற்காக எடுத்துக்கொண்டது கணக்கில் வராமல் போய்விடுமா?

இயற்பியல் பேராசிரியையிடம் போய், தொடக்க நிலையில் படிக்க ஏதாவது கொடுங்கள் என்றேன். தான் முனைவர் பட்டத்துக்குப் படித்த புத்தகத்தையே கொடுத்தார். வான் காம்ப்பென் எழுதியது, 1981-இல் வந்தது, இயற்பியலிலும் வேதியியலிலும் வரும் ஸ்டோகாஸ்டிக் நிகழ்முறைகள் பற்றியது. அந்தத் துறையில் பெரிய பெயர் உள்ள புத்தகம். அதன் ஓரங்களில் அவருடைய பென்சில் குறிப்புகள் முதல் நான்கு இயல்கள் வரை நெருக்கமாக இருந்தன. அப்புறம் இல்லை. “அப்பதான் மூத்தவ பொறந்தா மேம்” என்றார், நான் கேட்காமலே.

அந்தப் புத்தகம் எனக்கானது இல்லை என்று முதல் பத்துப் பக்கங்களிலேயே தெரிந்தது. அறிவியல் நூல்களில் ‘தொடக்க நிலை’ என்பது விசித்திரமான சொல். பட்டப்படிப்பு முழுக்க நுண்கணிதம் போட்டுவிட்டு வந்தவர்தான் அங்கே தொடக்கக்காரர். நடுவில் முப்பது ஆண்டுகள் சோறாக்கி, தேர்வுத்தாள் திருத்தி, மாமியாருக்கு இன்சுலின் போட்டுவிட்டு வருகிற தொடக்கக்காரியை யாரும் நினைத்து எழுதுவதில்லை. இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவே ‘எளிதில் காணலாம்’ என்று ஒரு வரி வரும். யாருக்கு எளிது?

ஆனால் இந்த வரி எனக்குப் பழக்கமானது. நம் உரையாசிரியர்கள் செய்கிற காரியம்தான் இது. கடினமான இடத்தில் நாம் மூச்சு முட்டி நிற்கும்போது ‘பொருள் வெளிப்படை’ என்று ஒரு சொல்லை வைத்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவார்கள். முனைவர் பட்டத்துக்காக நான் ஐந்து ஆண்டுகள் செய்த வேலையே அந்த வெளிப்படைகளுக்குள் ஒளிந்திருந்ததை வெளியே எடுப்பதுதான். சொல்லைப் பிரி, எழுவாய் எது பார், எது எதோடு முடிகிறது பார், வேண்டுமானால் கொண்டுகூட்டு. சமன்பாட்டையும் அப்படித்தான் படிக்க முடிகிறது. தமிழ் படித்தவளுக்குக் கணக்கு வராது என்பவர்கள் ஒரு முறை சேனாவரையரைப் படித்துப் பார்க்கட்டும்.

இனி நான் ஏறி வந்த படிகளைச் சொல்கிறேன். என்னைப் போல யாராவது இருந்தால் அவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாக.

முதலில் கீழே இறங்கினேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், தமிழ்வழி. ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ என்று ஓர் இயல். மகளுடைய பழைய புத்தகக் கட்டிலிருந்து எடுத்தேன். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வேரியன்ஸ் என்றால் நமக்கு ஒன்றும் புரியாது. தமிழில் அதற்கு ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்று வைத்திருக்கிறார்கள். நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அதை வர்க்கப்படுத்து, அவற்றுக்குச் சராசரி எடு. பெயரே செய்முறை. இதைவிடப் பொருத்தமான கலைச்சொல்லை நான் பார்த்ததில்லை. அதற்காக உட்கார்ந்த குழுவில் இருந்தவர் யாராக இருந்தாலும் அவர் கைக்கு வளையல் போடலாம்.

அடுத்தது ஃபெயின்மன் விரிவுரைகளின் முதல் தொகுதி. முழுவதும் இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். அதில் 6-ஆம் இயல் நிகழ்தகவு, 41-ஆம் இயல் பிரௌனியன் இயக்கம். நடுவில் உள்ளதை எல்லாம் விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் படித்தேன். அப்படிப் படிக்கலாமா என்றால், படிக்கலாம். எட்டுத்தொகையை நற்றிணையில் தொடங்கித்தான் படிக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

ஆறாவது இயலில் வருகிற நடைதான் இந்தத் துறைக்கே அரிச்சுவடி. ஒரு கோட்டில் நிற்கிறீர்கள். பூவா தலையா சுண்டுகிறீர்கள். தலை விழுந்தால் வலப்பக்கம் ஓர் அடி, பூ விழுந்தால் இடப்பக்கம் ஓர் அடி. 100 முறை சுண்டிய பிறகு எங்கே இருப்பீர்கள்? சராசரி பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே, ஏனென்றால் இரண்டு பக்கமும் சமம். ஆனால் உண்மையில் யாரும் சரியாகப் புறப்பட்ட இடத்தில் நிற்பது அரிது. அப்படியானால் எவ்வளவு தூரம் விலகியிருப்பீர்கள்?

இதற்கு விடை கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். நீங்கள் இப்போது 7-இல் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். 7-இன் வர்க்கம் 49. அடுத்த சுண்டலில் 8-க்குப் போவீர்கள் அல்லது 6-க்கு வருவீர்கள். அவற்றின் வர்க்கம் 64, 36. இரண்டுக்கும் சராசரி 50. 49-ஐவிட ஒன்று அதிகம். 3-இல் நின்றால்? அதன் வர்க்கம் 9. அடுத்து 4 அல்லது 2, வர்க்கம் 16 அல்லது 4, சராசரி 10. மறுபடியும் ஒன்று அதிகம். எங்கே நின்றாலும் ஒவ்வோர் அடிக்கும் சராசரி வர்க்கம் சரியாக ஒன்றுதான் கூடுகிறது. ஆகவே 100 அடிக்குப் பிறகு அது 100. வர்க்கமூலம் எடுத்தால் 10. நூறு அடி வைத்து ஏறக்குறைய பத்தடி தூரம். அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு அடி வைக்க வேண்டும்.

இதை நான் இரவு பதினொரு மணிக்கு, மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டி முடித்த கையோடு, பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 12-க்குப் போட்டேன், 20-க்குப் போட்டேன், கழித்தல் 5-க்கும் போட்டேன். எல்லாவற்றிலும் அந்த ஒன்று வந்து நின்றது. அந்தச் சந்தோஷத்துக்கு நான் உவமை சொல்லப்போவதில்லை. போட்டுப் பாருங்கள்.

1905-இல் கார்ல் பியர்சன் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில்தான் இந்தக் கணக்குக்கு ராண்டம் வாக் என்ற பெயர் வந்தது. பிறகு அதைக் குடிகாரன் நடை என்றும் சொல்லத் தொடங்கினார்கள், இன்றும் பாடநூல்களில் அந்தக் குடிகாரன் தள்ளாடிக்கொண்டிருக்கிறான். எனக்கு அந்த உதாரணத்தில் ஒரு சண்டை உண்டு. எங்கள் தெருவில் குடித்துவிட்டு வருகிறவன் எவ்வளவு தள்ளாடினாலும் கடைசியில் சரியாகத் தன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறான். உள்ளே இருப்பவளைத்தான் அடிக்கிறான். பக்கத்து வீட்டுக் கதவுக்கும் அவன் வீட்டுக் கதவுக்கும் அவன் சமவாய்ப்பு கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதனால் வகுப்பில் குடிகாரனை விட்டுவிட்டேன். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவிகள் 24 பேர். ஒரு மழை நாளில் பாடம் முடிந்து நேரம் மிஞ்சியிருந்தது. ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்கச் சொல்லி 100 முறை சுண்டி, கடைசியில் நிற்கிற இடத்தை எழுதச் சொன்னேன். ஒருத்தி 22-இல் போய் நின்றாள். மூன்று பேர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். 24 வர்க்கங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தோம். 108. நூறுக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நானே நினைக்கவில்லை. கரும்பலகை முன்னால் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “மேம், நாங்க யாரும் பேசி வச்சுக்கல” என்றாள்.

அடுத்த வாரம் அதே பெண் புளியங்கொட்டை கொண்டுவந்தாள். தாயம் ஆட அவள் பாட்டி ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருந்த கொட்டை. இதில் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். 200 முறை போட்டோம். வெள்ளை 117, கறுப்பு 83. அப்படியானால் 100 அடிக்கு 17 அடி வெள்ளைப் பக்கமாகவே நகர்ந்துவிடும். சிதறலால் வரும் பத்தடியைவிட இந்தச் சாய்வு பெரிது. காசு சுண்டுவதில் சமவாய்ப்பு உண்டு, புளியங்கொட்டையில் இல்லை, ஆனால் இரண்டுமே ராண்டம்தான். இங்கேதான் நான் கேட்டுவந்த கலைச்சொல்லின் முடிச்சு அவிழ்ந்தது. ‘சமவாய்ப்பு’ என்ற சொல்லில் உள்ள ‘சம’ நம்மைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. வாய்ப்பு இருக்கிறது என்றாலே அது எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறது என்று ஆகாது. பெண்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ‘வாய்ப்புவழி நிகழ்முறை’ என்று எழுதி இயற்பியல் துறைக்கு அனுப்பினேன். குறியை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது படி ஒரு மெல்லிய புத்தகம். டான் லெமன்ஸ் 2002-இல் எழுதியது, இயற்பியலில் ஸ்டோகாஸ்டிக் நிகழ்முறைகளுக்கு ஓர் அறிமுகம். நான் பார்த்தவற்றில் உண்மையாகவே அறிமுகம் என்று சொல்லத்தக்கது இதுதான். ராண்டம் மாறி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, அவசரப்படாமல், ஒவ்வோர் இயலின் முடிவிலும் கணக்குகளோடு போகிறது. பின்னிணைப்பாக லாங்கெவின் 1908-இல் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையின் மொழிபெயர்ப்பைச் சேர்த்திருக்கிறார். மூலநூலையும் உரையையும் ஒரே கட்டில் வைப்பது நமக்குப் பிடித்த முறையல்லவா.

இதற்கு முன்கதை தெரிந்திருக்கலாம். 1827-இல் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர் மகரந்தத்துக்குள்ளிருந்து வரும் நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துடிப்பதைக் கண்டார். உயிர் இருப்பதால் துடிக்கிறதோ என்று உயிரில்லாத பொருள்களையும் பொடித்துப் போட்டுப் பார்த்தார், எகிப்தின் ஸ்ஃபிங்க்ஸ் சிலையின் ஒரு துணுக்கு உட்பட. எல்லாமே துடித்தன. 1905-இல் ஐன்ஸ்டைனும் 1906-இல் ஸ்மோலுகோவ்ஸ்கியும், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இடிப்பதால்தான் இது என்று கணக்கோடு சொன்னார்கள். பெர்ரன் அதைச் சோதனையில் அளந்து காட்டினார். அணு என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்ற பழைய சந்தேகம் அதோடு தீர்ந்தது. 1926-இல் அவருக்கு நோபல் பரிசு.

லாங்கெவின் இதையே குறுக்கு வழியில் செய்தார். துகளின் வேகம் மாற இரண்டு காரணங்கள் என்றார். ஒன்று, தண்ணீரின் இழுவை. துகள் எந்தப் பக்கம் போனாலும் அதற்கு எதிராக நிற்கும். மற்றது, சுற்றிலும் இருந்து மூலக்கூறுகள் இடிக்கும் ஒழுங்கற்ற தள்ளல். இரண்டையும் செய்வது ஒரே தண்ணீர். இதைச் சொன்னதும் என் மாணவிகளில் ஒருத்தி, “மேம், இது வீடு மாதிரியே இருக்கு. தடுக்கிறதும் தள்ளுறதும் ஒரே ஆளு” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் கை பரபரத்தது. நல்ல வரி அது. “எழுதி வச்சுக்க, பின்னாடி பாக்கலாம். இப்ப இழுவைக்கு முன்னால ஏன் கழித்தல் குறி இருக்குன்னு சொல்லு” என்றேன். யோசித்தாள். சொன்னாள். அவள் சொன்ன அந்த விடைக்காகத்தான் இவ்வளவும்.

நுண்கணிதம் இல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. அதற்கு சில்வானஸ் தாம்சன் 1910-இல் எழுதிய ‘கால்குலஸ் மேட் ஈஸி’ இருக்கிறது. கணிதத்தைக் கடினமாக்கி வைத்திருப்பவர்களைக் கிண்டலடித்துக்கொண்டே சொல்லித்தரும் கிழவர் அவர். காப்புரிமை முடிந்துவிட்டதால் இலவசம். பதினோராம் வகுப்புத் தமிழ்வழி நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சொற்களும் கிடைக்கும். சமன்பாடுகள் அலுத்த நாட்களில் ஹோவர்ட் பெர்க் எழுதிய ‘ராண்டம் வாக்ஸ் இன் பயாலஜி’. பாக்டீரியா எப்படி நீந்துகிறது என்று ஆராய்ந்தவர் எழுதிய சின்னப் புத்தகம்.

கேட்டுப் படிக்கிறவர்களுக்கு, சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் இதே பொருளில் நடத்திய விரிவுரைகள் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டு இருக்கின்றன. கரும்பலகையும் சாக்பீஸும்தான். ஆங்கிலம், ஆனால் நம் காதுக்குப் பழகிய ஆங்கிலம். முதல் படியில் இதைக் கேட்காதீர்கள், லெமன்ஸைப் பாதியாவது முடித்துவிட்டுக் கேளுங்கள். நான் காய் நறுக்கும்போது கேட்க ஆரம்பித்தேன், அது நடக்காது. பலகையைப் பார்க்க வேண்டும், நிறுத்தி எழுத வேண்டும், அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். பெண்கள் வேறு வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைவேலையோடு கதை கேட்கலாம். கணக்கு நம்மை முழுதாகக் கேட்கிறது. இலவசமாக எல்லாம் கிடைக்கிற காலத்தில் எனக்குக் கிடைக்காமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். இரவுச் சமையலை வாரத்தில் மூன்று நாள் கணவர் பக்கம் தள்ளி அதை வாங்கினேன். சிலநாள் சாம்பாரில் உப்பு இருக்காது. சாப்பிட்டோம்.

இந்தத் துறைக்கும் ஒரு தொகை நூல் உண்டு என்று தெரிந்தபோது எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது போலிருந்தது. நெல்சன் வாக்ஸ் தொகுத்து 1954-இல் டோவர் பதிப்பகம் வெளியிட்டது. ஆறு நீண்ட கட்டுரைகள். தொகை நூலைக் கண்டால் புலவர் பெயர்களைப் பார்ப்பது என் பழக்கம். முதல் கட்டுரை எஸ். சந்திரசேகர் எழுதியது, 1943, 89 பக்கங்கள், இயற்பியலிலும் வானியலிலும் வரும் ஸ்டோகாஸ்டிக் சிக்கல்கள். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த நம் சந்திரசேகர்தான். இன்றுவரை அந்தத் துறையில் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை.

நோபல் பரிசு பெற்றபோது அவர் எழுதிக்கொடுத்த தன்வரலாற்றுக் குறிப்பைத் தேடிப் படித்தேன். அதில் அவருடைய அம்மா சீதாலட்சுமி ஒரு வாக்கியத்தில் வருகிறார். இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர் என்ற செய்தி, அந்த வாக்கியத்துக்குள் ஓர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. பத்துப் பிள்ளைகள் பெற்ற ஒரு பெண், கதவைச் சாத்திவிட்டு வீட்டை விட்டு வெளியேறும் நோராவைத் தமிழில் பேசவைத்திருக்கிறார். மகன் கேம்பிரிட்ஜுக்குப் போன அடுத்த ஆண்டு, 1931-இல், இறந்துபோனார். நான் பதினெட்டு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பியல் தாள் நடத்துகிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் இப்சன் இருக்கிறார், சீதாலட்சுமி இல்லை. அவரிடம் என்னைக் கூட்டிப்போனது இயற்பியல். அதே குறிப்பில் மனைவி லலிதாவின் பொறுமைக்கும் ஆதரவுக்கும் நன்றி சொல்லியிருக்கிறார் சந்திரசேகர். லலிதாவும் அதே மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்தான்.

தொகையில் இன்னொரு கட்டுரை, பிரௌனியன் இயக்கத்தின் கோட்பாடு பற்றி 1945-இல் வந்தது. எழுதியவர்கள் மிங் சென் வாங், ஊலன்பெக். சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஆய்வாளர்கள் ஆளுக்கொரு எண் சொல்வதற்குக் காரணம், பல பெயர்களை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாததுதான். அதனால் இப்படி ஒரு பெயரைக் கண்டால் விசாரிக்காமல் என்னால் இருக்க முடியாது. வாங் மிங்சென் பெண். மிச்சிகனில் ஊலன்பெக்கிடம் முனைவர் பட்டம் பெற்று, 1955-இல் சீனா திரும்பி, சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2010-இல் மறைந்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தொகையில் மார்க் காட்ஸ் எழுதிய அழகான கட்டுரை ஒன்றில் எஹ்ரன்ஃபெஸ்ட் மாதிரி என்று ஒன்று வரும். இரண்டு நாய்கள், இலக்கமிட்ட தெள்ளுப்பூச்சிகள். ஏதோ ஓர் இலக்கத்தைக் குலுக்கி எடுத்தால் அந்த இலக்கமுள்ள தெள்ளுப்பூச்சி ஒரு நாயிலிருந்து மற்றதற்குத் தாவும். எல்லாத் தெள்ளுப்பூச்சியும் ஒரே நாயின் மேல் இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் பாதிக்குப் பாதி ஆகி, அதைச் சுற்றியே ஊசலாடும். நாங்கள் இரண்டு டிபன் பாக்ஸிலும் 20 சீட்டுகளிலும் செய்து பார்த்தோம். இது 1907-இல் வந்த கட்டுரை. எஹ்ரன்ஃபெஸ்ட் என்றால் பால் மட்டும் இல்லை, அவர் மனைவி தாத்தியானா அஃபனாசியேவாவும் சேர்ந்துதான். கீவில் பிறந்த கணிதவியலாளர். கோட்டிங்கனில் கணிதக் கழகக் கூட்டங்களில் பெண் என்பதால் அவருக்கு இடமில்லை என்றிருந்தது; பால் சண்டைபோட்டு அந்த விதியை மாற்றவைத்தார். மாதிரியின் பெயரில் கணவர் குடும்பப் பெயர் மட்டும் நின்றுவிட்டதால் இப்போது படிப்பவர்களுக்கு ஒரே ஆள்தான் தெரிகிறார்.

தாத்தியானா 1924-இல் டச்சு மொழியில் ஒரு சிறுநூல் எழுதினார். கணிதம் படிக்கப்போகாத ஒருவருக்கு வடிவியல் கல்வி என்ன தர முடியும், என்ன தர வேண்டும் என்பது அதன் தலைப்பு. எனக்காக எழுதிய தலைப்பு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது சனிக்கிழமைகளில் பிற்பகல் வகுப்பு முடிந்து 4.40 பஸ் வரும்வரை நான்கு பேர் உட்காருகிறோம். நான், இரண்டு மாணவிகள், அந்த இயற்பியல் பேராசிரியை. அவர் வான் காம்ப்பெனை ஐந்தாவது இயலிலிருந்து மறுபடி எடுத்திருக்கிறார். நாங்கள் மூவரும் லெமன்ஸில் இருக்கிறோம். துகளின் வேகம் எப்படித் தேய்ந்துபோகிறது என்ற இடத்தில் மடக்கை வருகிறது, அதற்காகப் பதினோராம் வகுப்பு நூலுக்குப் போய்வருகிறோம்.

புளியங்கொட்டை கொண்டுவந்த பெண் போன சனிக்கிழமை வரவில்லை. பெண் பார்க்க வந்திருந்தார்கள். இந்தச் சனிக்கிழமை வந்தாள். என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்பதற்குள் நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். நாங்கள் நிறுத்தியிருந்த கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறாள், நேரம் போகப் போக வேகம் தேய்வதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறதாம். நான்கு பேரும் தலையைக் குனிந்து வரிவரியாகப் பார்த்தோம். மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. அவளே கண்டுபிடித்தாள். அதைப் போட்டு மறுபடி கீழே வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. நின்றபடியே மீதியை எழுதிக்கொண்டு ஓடினாள்.